கந்தோருக்குப் போன அண்ணைக்கு

அண்ணை, இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். உங்களுக்குப் போன் இரவல் தரும் நேபாளக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றாலும் அவருக்கும் காட்ட வேண்டாம். வாசித்து முடித்ததும் அழித்துவிடுங்கள். கடைசியில் நான் எழுதப்போகும் ருஷ்ய வசனத்தை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப் போனை அப்பா தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். விடிய அவர் கிணற்றடிக்குப் போகும்போதுதான் அது என் கைக்கு வரும். அவர் குளித்து முடிப்பதற்குள் இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, உங்களுக்கு அனுப்பி, அனுப்பிய தடத்தையும் அழிக்க வேண்டும். வேறு எதையும் அதில் தேடிப் பார்க்க அவகாசம் இருக்காது. ஆகவே அப்பாவின் பழைய அகராதியையும் அவர் ருஷ்யாவில் முதன்முதல் படித்த பாலபாடத்தையும் எடுத்துவந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். ஏன் இவ்வளவு பயம் என்று நினைப்பீர்கள். உங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரர் போன கிழமை வந்திருந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தார். எழும்பிப் போகும்போது, “பிள்ளையள் அவசரப்பட்டு ஆருக்கும் ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ. பொடியன் எங்கடை கையிலைதானே இருக்கிறான்,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா வெறும் கோப்பையை எடுக்க மறந்து அப்படியே நின்றா.

பகலில் நான் உங்களுக்கு வேறொரு கடிதம் எழுதுகிறேன். அது உங்களுக்கு வந்து சேராது. வாசிகசாலை ஆண்டு மலரில் வரப்போகிறது. அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி ‘அன்பு மகனே’ என்று தொடங்குவார், நான் எழுதுவேன். சீனி வருத்தம் அவருடைய கண்ணைக் கொண்டுபோன பிறகு அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு அதுவும் மங்கிவிட்டது. பத்திரிகை, மருந்துச் சிட்டை, சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் எல்லாம் நான் வாசித்துத்தான் அவர் அறிகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியே என் எழுத்தும் அவருடையது மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தில் ஒரு தகப்பன் புத்தி சொல்வது போல எங்காவது தெரிந்தால் கோபிக்காதீர்கள். எனக்கு இப்படித்தான் எழுத வரும். அதோடு, இப்போதைக்கு இந்த வீட்டில் உங்களுக்குத் தாய் தகப்பனாக இருந்து புத்தி சொல்ல அம்மாவையும் என்னையும் விட்டால் ஒருவரும் இல்லை.

மலருக்கான கடிதத்தில் ருஷ்யாவின் சரித்திரம் முழுக்க வருகிறது. சின்ன வயதில் அப்பா நமக்குச் சொன்ன அதே கதைகள்தான். சார் மன்னர்கள் மண்ணோடு சேர்த்து மனிதர்களையும் விற்று வாங்கிய கதை, பிறகு கட்சி வந்து பண்ணையார்களை விரட்டிய கதை, அப்பா படிக்கப்போன காலத்தில் வாத்தியார் சம்பளமும் வைத்தியர் சம்பளமும் பஸ் ஓட்டுபவரின் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்த கதை. ஒரு கதையை மட்டும் அவர் விட்டுவிட்டார். மன்னர் காலத்தில் ஒரு குடியானவனைப் பட்டாளத்துக்குப் பிடித்தால் இருபத்தைந்து வருடம் திரும்ப முடியாது, அதனால் அவன் நெற்றி மயிரை வழித்த அன்றைக்கே ஊர்ப் பெண்கள் கூடி அவனுக்கு ஒப்பாரி வைத்துவிடுவார்கள் என்று சொல்வாரே, நீங்கள் அந்த ஒப்பாரியை எங்கள் பாணியில் பாடிக்காட்டி என்னைச் சிரிக்க வைப்பீர்களே, அந்தக் கதை. அதையும் எழுதட்டோ என்று இன்றைக்குக் கேட்டேன். அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, “அது வேண்டாம். மலர் மங்களமா இருக்கவேணும்,” என்றார்.

அப்பாவின் வேதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கந்தோர். அலுவலகம் என்பதற்கு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து விட்டுப்போன சொல். அதே சொல்லை ருஷ்யாக்காரரும் ‘கன்தோரா’ என்று வைத்திருக்கிறார்கள் என்பதை அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த மிகப் பெரிய உண்மை போலச் சொல்லுவார். தானும் அந்த நாடும் ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரர் என்பதற்கு அவருக்கு அந்த ஒரு சொல் போதும். அவர் விடுதியில் இருந்தபோது நாடு உடைந்தது. விடுதியைப் பார்த்துக்கொண்ட கிழவியின் வாழ்நாள் சேமிப்பு ஒரு சோடி சப்பாத்து வாங்கவும் போதாமல் போனது. தொழிற்சாலைகள் எல்லாம் இனி மக்களுக்கே என்று ஆளுக்கொரு பங்குச் சீட்டைக் கொடுத்தார்கள். பசியிலும் குளிரிலும் சனங்கள் அதை ஒரு போத்தல் வொட்காவுக்கு விற்றார்கள். வாங்கிச் சேர்த்தவர்கள் பிறகு தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். தனக்குப் படிப்பித்த பேராசிரியர் நிலக்கீழ் றெயில் வாசலில் தன் புத்தகங்களைப் பரப்பிவைத்து விற்றதை அப்பா கண்ணால் கண்டிருக்கிறார். “கொடி மாறிச்சுது, காசு மாறிச்சுது, தெருப் பேரெல்லாம் மாறிச்சுது. கந்தோருக்குள்ளை இருந்தவன் மட்டும் கதிரையை விட்டு எழும்பேல்லை,” என்பார். அதிலிருந்து அவர் எடுத்த பாடம், எப்படியாவது உள்ளே போய் ஒரு கதிரையில் இருந்துவிட வேண்டும் என்பதுதான். அந்தக் கதிரை அவருக்கு இங்கே கடைசிவரை கிடைக்கவில்லை. மொஸ்கோப் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டு, கொக்குவில் றெயில் பாதைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டிலில் கணக்கு ரியூசன் கொடுத்தார்.

அந்தக் கதிரைக்காக அவர் உங்களை எப்படி நடத்தினார் என்பதை நான் மறக்கவில்லை. மானிப்பாய் வீதியில் போன் திருத்தும் கடையில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீட்டுக்கு வருபவர்களிடமிருந்து “மூத்தவன் என்ன செய்யிறான்?” என்ற கேள்வி வரும் என்று தெரிந்தே முந்திக்கொண்டு சொல்லுவார்: “என்ரை மோன் கண்ணாடி ஒட்டுறான்.” வந்தவர்கள் கண்ணாடிக் கடை என்று நினைப்பார்கள். “இல்லை, இல்லை. போனுக்கு. விரலாலை தடவித் தடவிக் காத்து எடுக்கிற வேலை. அதுக்குத்தான் இங்கிலீசு மீடியத்திலை படிப்பிச்சனான்,” என்பார். நீங்கள் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டே சாப்பிடுவீர்கள். ஒருநாள் கூடத் திருப்பிக் கதைக்கவில்லை. நீங்கள் நல்ல பிள்ளை என்று அம்மா பெருமைப்படுவா. அந்த நல்லதனம்தான் உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஏஜென்சிக்காரர் மொஸ்கோவில் ஹோட்டல் குசினி வேலை என்றார். அப்பா உங்கள் முகத்துக்கு நேரே, “கோப்பை கழுவினாலும் மொஸ்கோவிலை கழுவு,” என்றார். நீங்கள் போனீர்கள்.

போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் நீங்கள் வீடியோவில் கோல் எடுத்தீர்கள். அந்தப் பின்னேரத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஹோட்டல் வேலை இல்லையாம், அதைவிட நல்லது ஒன்று இருக்கிறதாம், கன்தோரா ஒன்றுக்குக் கூட்டிவந்து ஒப்பம் வைக்கச் சொல்லுகிறார்கள் என்றீர்கள். கன்தோரா என்றதும் அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். தாள்களைக் காட்ட விடுகிறார்கள் இல்லை என்று, நீங்கள் சுவரில் இருந்த பெரிய விளம்பரத்தைக் காட்டினீர்கள். எழுத்துகளை வாசிக்கச் சொல்லி அப்பா என்னைத் தட்டினார். எனக்கு எழுத்து மட்டும் தெரியும், பொருள் தெரியாது. அப்பாவுக்குப் பொருள் தெரியும், எழுத்துத் தெரியாது. நான் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். ஸ்லூஷ்பா பொ கன்த்ராக்து.

“ஸ்லூஷ்பா எண்டா உத்தியோகம்,” என்றார் அப்பா. “ஒப்பந்த அடிப்படையிலை உத்தியோகம். மேலை என்ன அடிச்சிருக்கு?”

“ரெண்டு தலைக் குருவி ஒண்டு.”

“குருவியில்லை, கழுகு. அரசன்ரை முத்திரை. கட்சி வந்து கழட்டினது. கட்சி போகத் திரும்பப் பூட்டியிருக்கிறாங்கள். அரசாங்கம் எண்டதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமோ?”

அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. விளம்பரத்தில் பச்சை உடுப்போடு ஒருவன் நின்றான். “இஞ்சாருங்கோ,” என்றா மெதுவாக. “உவன் ஆமிக்காரன் மாதிரியெல்லோ நிக்கிறான்.”

“உனக்குப் பச்சையைக் கண்டா ஆமி. அங்கை றெயில்காரனுக்கும் யூனிபோம், காடு பாக்கிறவனுக்கும் யூனிபோம். மொஸ்கோவிலை படிச்சது நானோ நீயோ?”

உங்களுக்குப் பக்கத்தில் யாரோ அதட்டுவது கேட்டது. “அப்பா, கெதியாச் சொல்லுங்கோ. வைக்கட்டோ?” என்றீர்கள்.

“வையடா ஒப்பத்தை,” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, அண்ணை. இதை நான் அவருக்காக எழுதவில்லை, நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அவர் படித்த காலத்தில் அங்கே எந்தப் படிவத்திலும் மனிதருக்கு மூன்றே சாதிதான் இருந்ததாம்: தொழிலாளி, விவசாயி, ஸ்லூஷஷி. மூன்றாவது கந்தோர் ஆள். பட்டாளத்துக்கு அப்போது ஒப்பந்தம் கிடையாது. வயது வந்த எல்லாரையும் சட்டப்படி எடுத்தார்கள், ஒப்பம் யாரும் கேட்கவில்லை. ஆகவே ஸ்லூஷ்பாவுக்குப் பக்கத்தில் ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு அது வேறொன்றாகத் தோன்றவே இல்லை. பல வருடத்துக்கு முன்பு நின்றுபோன ஒரு நாட்டின் மொழியை வைத்துக்கொண்டு, இப்போது இருக்கும் நாட்டின் சுவரை வாசித்தார். அன்றைக்கு ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேக் கொடுத்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு படலை படலையாக நடந்து, “மோனுக்கு ருஷ்ய அரசாங்கத்திலை உத்தியோகம்,” என்று தன் வாயால் சொன்னார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

நேற்று விடிய உங்கள் குரல் வந்தது. அப்பா கிணற்றடியில் நின்றார். அம்மாவும் நானும் குசினியில் போனைக் காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டோம். துவக்குச் சுடப் பழக்குகிறார்கள் என்றீர்கள். சப்பாத்து அளவில்லை, கால் பிளந்துவிட்டது என்றீர்கள். முன்னுக்குப் போன லொறியில் ஏறியவர்கள் ஒருவரும் திரும்பவில்லை என்றீர்கள். நாளை மறுநாள் பட்டாளத்துப் பெரியவர் ஒருவர் வந்து வெளிநாட்டுக்காரரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, விருப்பத்தோடுதான் வந்தாயா என்று கேட்பாராம். போன முறை முழு வசனமாக மறுத்துச் சொன்ன ஒருவரை ஒதுக்கி வைத்துத் தூதரகத்துக்கு அறிவித்தார்களாம். இல்லை என்பதற்கு வெறும் நியெத் என்று மட்டும் சொன்னவருக்கு ‘எதற்கு நியெத்?’ என்று கேட்டுச் சிரித்துவிட்டு, மொழி விளங்காதவன் என்று எழுதி லொறியில் ஏற்றினார்களாம். “அப்பாட்டைக் கேட்டு ஒரு வசனம் அனுப்பு தங்கச்சி. நான் இதிலை இருக்க விரும்பேல்லை எண்டு. தமிழ் எழுத்திலை எழுதி அனுப்பு,” என்றீர்கள். உங்கள் பல் கிடுகிடுப்பது கேட்டது. அந்த நாளை மறுநாள் என்பது நாளைக்கு.

அப்பா குளித்துவிட்டு வந்ததும் அம்மா அவருக்குப் போட்டுக் காட்டினா. தலையைத் துவட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார். “குளிர். குளிருக்குப் பயந்து கதை கட்டுறான். கண்ணாடி ஒட்டினவனுக்கு ஒரு பெரிய நாடு ஒத்துவராதுதான்,” என்றார். நான் அகராதியை எடுத்துவந்து ஸ்லூஷ்பா என்ற இடத்தை விரித்தேன். முதலில் சேவை, உத்தியோகம் என்று இருந்தது. கீழே, படைச் சேவை என்றும் இருந்தது. அதை வாசித்துக் காட்டினேன். “அகராதி எழுதினவன் என்னோடையோ படிச்சவன்?” என்றார். அம்மா அப்போது ஒரு காரியம் செய்தா. நான் இதுவரை பார்த்ததில்லை. அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் பிழை விட்டதெண்டு ஆரும் சொல்லேல்லை. அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லுங்கோ. பிள்ளை எழுதட்டும்,” என்றா.

அப்பா காலை இழுத்துக்கொண்டார். “அப்பிடி ஒரு வசனம் ருஷ்ய மொழியிலை இல்லை,” என்றார்.

அதற்குப் பிறகுதான் போன் தலையணைக்குக் கீழே போனது. மத்தியானம் ஏஜென்சிக்காரர் கொழும்புத்துறையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்தார். கடலில் தொழில் இல்லை, கடன் என்று முகத்திலேயே தெரிந்தது. இப்போது எல்லாரையும் ‘மொஸ்கோ மாஸ்ரரிடம்’ ஒருமுறை காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார். அப்பா வாயால் கேட்டால் சனம் நம்புகிறது. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அதே சொல், அதே கழுகு. அப்பாவின் குரலில் ஒரு நடுக்கம் கூட இல்லை. உத்தியோகம் என்றார். தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா தட்டை வைக்காமலே, “தம்பியவை, அது ஆமி,” என்றா. அந்த இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். “அவவுக்குக் கொஞ்ச நாளாத் தலை சரியில்லை. மோன் தூரத்திலை எண்ட யோசினை,” என்றார் அப்பா. ஏஜென்சிக்காரர் அம்மாவின் கையிலிருந்த தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டு, “போய்ப் படுங்கோ அக்கா,” என்றார். அவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணை. அன்றைக்கு வீடியோவில் தெரியாமல் சொன்ன மனிதர் அல்ல நேற்று மத்தியானம் சொன்னவர். உங்கள் விசயத்தில் அவர் பிழை விட்டார் என்று இருக்கக்கூடாது என்பதற்காக, இனி வருகிற எல்லாருக்கும் அதே பிழையைத் தெரிந்தே விடுவார். எல்லாரும் போய்விட்டால் அது பிழையாக இருக்காது, ஊர் வழக்கமாகிவிடும்.

இன்றைக்குப் பகல் முழுக்க மலருக்கான கடிதத்தின் முடிவை எழுதினேன். ‘மகனே, நீ சேவை செய்யும் நாடு எனக்குச் சோறும் அறிவும் தந்த நாடு. பின்வாங்காதே’ என்று முடித்தார். எழுதிவிட்டு வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையான கண்ணீர்தான். அதைப் பார்த்த பிறகு அவரிடம் எனக்கு இருந்த பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அடிப்பார் என்ற பயம் இல்லை இப்போது.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வெக்கம் பாக்கவேண்டாம் எண்டு சொல்லு. அழச் சொல்லு, காலிலை விழச் சொல்லு, விசரன் மாதிரி நடிக்கச் சொல்லு. கொப்பர் என்ன நினைப்பார், ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிக்கவேண்டாம். முந்தியெல்லாம் பிடிச்சுக்கொண்டு போனாங்கள், இப்ப ஒப்பம் வாங்கிக்கொண்டு போறாங்கள். வேறை வித்தியாசம் இல்லை. எனக்கு உத்தியோகக்காரன் வேண்டாம். கண்ணாடி ஒட்டுறவன் காணும்.” நானும் ஒன்று சொல்லுகிறேன். நீங்கள் எப்போதும் பெரியவர்கள் கேட்டால் ஓம் என்று சொல்லிப் பழகியவர். அந்தப் பெரியவர் நல்ல முகத்தோடு கேட்டாலும், தோளில் கை போட்டுக் கேட்டாலும் ஓம் போடாதீர்கள். வசனத்தைச் சொல்லுங்கள். அவர் வேறு என்ன கேட்டாலும் அதே வசனத்தைத் திரும்பவும் சொல்லுங்கள்.

இனி வசனம். எனக்கு இலக்கணம் தெரியாது, பாலபாடத்தைப் பார்த்துத்தான் கட்டுகிறேன். அதில் ஒரு பிள்ளை கோப்பையைக் காட்டி, ‘யா ஹச்சூ பீத்’ என்கிறது. நான் குடிக்க விரும்புகிறேன் என்று பொருள். யா என்றால் நான். ஹச்சூ என்றால் விரும்புகிறேன். ஹ தொண்டையிலிருந்து காற்றோடு வரவேண்டும், சூவை அழுத்துங்கள். பீத் என்பது குடிப்பது. அந்த இடத்தில் ஸ்லூஷ்பாவுக்குரிய வினைச்சொல்லை வைக்க வேண்டும். அகராதியில் அது பக்கத்திலேயே கிடக்கிறது: ஸ்லூஷீத். ஷீயில் அழுத்தம். மூன்றையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். யா ஹச்சூ ஸ்லூஷீத். நான் பட்டாளத்தில் சேவை செய்ய விரும்புகிறேன். பயப்படாதீர்கள், வசனம் இன்னும் முடியவில்லை. விரும்பவில்லை என்று நாங்கள் சொல்லும்போது ‘இல்லை’ கடைசியில்தானே வரும், அந்தப் பழக்கத்தில் நானும் அதைக் கடைசிக்கு விட்டுவிட்டேன். அவர்களுக்கு அது முன்னால் வரவேண்டுமாம். நீங்கள் அறிந்த நியெத் இந்த இடத்துக்குப் பொருந்தாது. இது வேறு சொல், மிகச் சின்னது, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். யாவுக்கும் ஹச்சூவுக்கும் நடுவில் வையுங்கள். அந்தச் சொல்

அப்பா கதவைத் தட்டுகிறார்.